விடைபெறும் சிரிப்பு: திபெத்திய வாழ்வு பற்றிய நகைச்சுவைத் திரைப்படங்கள் குறித்து ஒரு நோக்கு

1. பிரச்சினை

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கின் அடியாகத் தோன்றும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. இவை தன்னிடத்துத் தோன்றுவனவும் பிறரிடத்துத் தோன்றுவனவும் என இருபாற்படும் என்பர் உரையாசிரியர். இப்பாகுபாடு உளவியல் சார்ந்தது போலத் தோன்றினும் அதனுள் ஒரு சமூகவியல் வினாவும் அடங்கியுள்ளது. சிரிப்பவர் யார்? எவரைப் பார்த்துச் சிரிக்கின்றார்? சிரிப்புக்கு ஆளானவருக்குத் திரும்பிச் சிரிக்கும் உரிமை உண்டா? நகைச்சுவை பற்றிய எந்த ஆய்வும் இவ்வினாக்களைத் தவிர்த்துவிட்டு நடைபெறல் இயலாது.

திபெத்திய வாழ்வையும் பண்பாட்டையும் பொருளாகக் கொண்ட நகைச்சுவைத் திரைப்படங்களை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் எல்லை. திபெத்து எனின் ஒன்றில் புனிதம், அன்றேல் துயரம் என்ற இரு நிலைகளே உலகத் திரையில் பெரும்பாலும் இடம்பெற்று வந்துள்ளன. இவ்விரண்டுக்கும் அப்பால், சிரிக்கும் மனிதராகத் திபெத்தியரைக் காட்டும் படங்கள் எண்ணிக்கையிற் சிலவே. ஆயினும் அவை எழுப்பும் வினாக்கள் பெரியன. மார்க்சியத் திறனாய்வாளராகிய நமக்கு அவை சங்கடமானவையும் கூட.

அச்சங்கடத்தை முதலிலேயே கூறிவிடுதல் நேர்மையாகும். கெகலின் உரிமைத் தத்துவம் பற்றி 1844இல் வெளியான முன்னுரைக் கட்டுரையிலேயே மார்க்ஸ் சமயத்தை மக்களின் அபினி என்றார். அத்தொடரை எடுத்தாளாத மார்க்சியர் இலர். ஆனால் அதே கட்டுரையில் நகைச்சுவை பற்றியும் அவர் ஒரு கருத்தை முன்வைத்துள்ளார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. வரலாற்றில் ஒரு சமூக வடிவம் மறையும்போது அதன் இறுதிக் கட்டம் நகைச்சுவையாக அமைகின்றது. ஈஸ்கிலசின் அவல நாடகத்திற் படுகாயமுற்ற கிரேக்கத் தெய்வங்கள் லூசியனின் உரையாடல்களில் நகைப்புக்குரியனவாக மீண்டுமொருமுறை இறக்க வேண்டியிருந்தது. மனித குலம் தன் கடந்த காலத்திலிருந்து மனமகிழ்வோடு விடைபெறுதற்கே வரலாறு இவ்வழியைக் கொள்கின்றது. இதுவே அவர் கருத்தின் சாரம்.

லூசியன் அப்பண்பாட்டு உலகினுள் வாழ்ந்து, அதன் தெய்வங்களை அறிந்து, அதன் மொழியிலேயே நகைத்தவன் என்பது இங்கு கருதத்தக்கது. விடைபெறல் மகிழ்ச்சியாக இருக்க வேண்டுமெனின் விடைபெறுவோரே விடைகொடுப்போராகவும் இருத்தல் வேண்டும். திபெத்தின் வரலாற்றில் இது நிகழ்ந்ததா என்பதே நம் வினா.

2. வரலாற்றுப் பின்னணியும் நகை மரபும்

பழைய திபெத்தியச் சமூகம் பலர் கற்பனை செய்வது போன்ற ஞானபூமி அன்று. நிலமும் மேய்ச்சல் உரிமையும் பெரும்பாலும் அரசு, பிரபுக் குடும்பங்கள், மடாலயங்கள் ஆகிய மூன்றன் கையில் இருந்தன. உழைப்போர் பிறப்பால் நிலத்தோடும் வரிக்கடமையோடும் பிணைக்கப்பட்டிருந்தனர். இதனை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். அதேவேளை 1951இன் உடன்படிக்கை, 1959இன் கிளர்ச்சியும் தலாய் லாமாவின் வெளியேற்றமும், 1966 முதல் 1976 வரையான பண்பாட்டுப் புரட்சிக் காலத்தின் அழிவுகள் என்பவற்றினூடே அச்சமூகத்தின் மாற்றம் மேலிருந்தும் வெளியிலிருந்தும் சுமத்தப்பட்டது என்பதை மறைப்பதும் அதே அளவு துரோகமே. மடாலயங்கள் இடிக்கப்பட்டன. நூல்களும் சிலைகளும் அழிக்கப்பட்டன. உடைமை உறவுகளை மாற்றுதல் வேறு; ஒரு மக்கட் கூட்டத்தின் நினைவை நொறுக்குதல் வேறு. இவ்வேறுபாட்டை நம்மவர் பலர் காணத் தவறினர். கண்ட சிலரும் வாய்திறக்கவில்லை.

திபெத்தியர் தம்மைத் தாமே நகைத்துக்கொள்ளத் தெரியாதவர் அல்லர். 'ஆச்சே லாமோ' எனப்படும் அவர்தம் இசைநாடக மரபில், பௌத்த அறக்கதைகளின் இடையே நகைக் காட்சிகள் புகுத்தப்படுவது வழக்கம். குறி சொல்வோரும் துறவிகளும் அதிகாரிகளும் அவற்றிற் கேலிக்குரியோராயினர். லாசாவில் ஆண்டுதோறும் நிகழ்ந்த சோதொன் விழாவில் ஆளும் வர்க்கத்தினர் முன்னிலையிலேயே இவை ஆடப்பெற்றன. ஆக்கு தொன்பா என்னும் குறும்பன் பற்றிய நாட்டார் கதைகளோ இன்னும் ஒருபடி சென்று, செல்வரையும் சமயப் பெரியோரையும் அவன் ஏமாற்றும் திறத்தை ஒளிவுமறைவின்றிக் கூறுவன.

இச்சிரிப்பை மிகைப்படுத்தவும் கூடாது. ரபலே பற்றிய தம் நூலில் பக்தின் விழாக்காலச் சிரிப்பின் விடுதலைப் பண்பை வற்புறுத்தினார். ஆனால் விழா முடிந்த மறுநாள் வரி வரியாகவும் பிரபு பிரபுவாகவும் இருந்தமையை நாம் மறத்தல் ஆகாது. அது அனுமதிக்கப்பட்ட சிரிப்பு. எனினும் தன் புனிதங்களைத் தானே நகைக்கும் ஆற்றல் அப்பண்பாட்டின் உள்ளே உயிருடன் இருந்தது என்பதற்கு அது சான்று. லூசியன்கள் தோன்றுதற்குரிய மண் அங்கு இருந்தது, காலம்தான் வழங்கப்படவில்லை.

3. ஹொலிவூட்டின் எள்ளல்

அமெரிக்க நகைச்சுவைப் படங்கள் திபெத்தைக் கையாண்ட முறை பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. எடி மேர்பி நடித்த 'த கோல்டன் சைல்ட்' (1986) படத்தில் திபெத்து ஓர் அற்புதக் குழந்தையின் இருப்பிடம். லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துச் சமூக ஊழியன் ஒருவனின் சாகசத்துக்கு வேண்டிய பின்னணித் திரை. ஜிம் கரி நடித்த 'ஏஸ் வென்சுரா: வென் நேச்சர் கோல்ஸ்' (1995) படத்தில் கதாநாயகன் மன அமைதி தேடித் திபெத்திய மடாலயம் ஒன்றில் தங்கியிருக்கிறான். அவன் எப்போது கிளம்புவான் என்று மடத்துத் தலைவர் காத்திருப்பதே அங்குள்ள நகை.

இப்படங்கள் திபெத்தியரை இழிவுபடுத்துகின்றன என்று குற்றஞ்சாட்டுவது எளிது. ஆனால் உண்மை சற்று வேறானது. இங்கு நகைப்புக்குரியவன் பெரும்பாலும் அமெரிக்க நாயகனே. திபெத்தியர் நகைக்கப்படுவதில்லை, நகைக்கவும் அனுமதிக்கப்படுவதில்லை. அவர் அசையாது நிற்கும் புனிதப் பொருள். அதன்மேல் மோதி விழுபவனைக் கண்டு நாம் சிரிக்கின்றோம். உழைப்பு, உணவு, கடன், மணவுறவு ஆகிய யாவற்றினின்றும் பிரிக்கப்பட்ட 'ஞானம்' ஒரு பண்டமாக மாறுகின்றது. பண்டத்துக்கு வரலாறு தேவையில்லை. முதலாளித்துவச் சந்தை திபெத்தை வணங்குவதும் நகைப்பதும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்பதை இப்படங்கள் தம்மையறியாமலே காட்டுகின்றன.

4. 'கிண்ணம்': புகலிடத்தின் இளமை

1999இல் வெளிவந்த 'போர்பா' (கிண்ணம்) இந்நிலையை மாற்றிற்று. இதன் நெறியாளர் கியென்சே நோர்பு பூட்டானிய லாமா ஒருவர். பெர்தொலூச்சியின் 'லிற்றில் புத்தா' (1993) உருவாக்கத்திற் பங்கு கொண்டவர். இந்தியாவின் இமாசலப் பிரதேசத்திலுள்ள பீர் என்னும் ஊரின் சோக்லிங் மடாலயத்திலே படமாக்கப்பட்டது. அங்குள்ள துறவிகளே நடித்தனர். கான் விழாவின் நெறியாளர் பதினைந்து நாள் பிரிவில் இடம்பெற்றது.

கதை மிக எளியது. 1998ஆம் ஆண்டின் உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டி நடைபெறுகின்றது. ஒர்கியென் என்னும் இளந்துறவிக்கு அதுவே உலகம். தன் அறைச் சுவரெங்கும் ஆட்டக்காரரின் படங்களை ஒட்டியிருக்கின்றான். இரவில் மடத்திலிருந்து நழுவிச் சென்று ஊரிலுள்ள தொலைக்காட்சியிற் போட்டி பார்த்துக் கண்காணிப்புத் துறவியிடம் அகப்படுகின்றான். இறுதிப் போட்டியை மடத்திலேயே பார்ப்பதற்குத் தொலைக்காட்சியும் அலைவாங்கியும் வாடகைக்குப் பெறவேண்டும். பணம் போதாமையால், திபெத்திலிருந்து அண்மையில் தப்பி வந்த நிமா என்னும் சிறுவனின் கைக்கடிகாரம் ஈடு வைக்கப்படுகின்றது. அது அவனுடைய தாய் கொடுத்தனுப்பியது. பிரான்ஸ் பிறேசிலை 3–0 என வெல்லும் அவ்விரவில் (1998 யூலை 12), அதற்காக இத்தனை பாடுபட்ட ஒர்கியெனால் ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லை. அழும் சிறுவனின் முகமே அவன் மனத்தில் நிற்கின்றது. ஈட்டை மீட்பதற்குத் தன் உடைமைகளைத் தேடத் தொடங்குகின்றான்.

இப்படத்தின் நகை இளமையின் அடியாகப் பிறந்தது. அதன் சிறப்பு, புனிதத்தை இகழாமலே அதனைத் தரைக்குக் கொணர்வதில் உள்ளது. இரு நாடுகள் ஒரு பந்துக்காகப் போரிடுகின்றன என்று கேள்வியுற்ற மடத்துத் தலைவர், வென்றவர்க்கு என்ன கிடைக்கும் என வினவுகின்றார். ஒரு கிண்ணம் என்பது விடை. நவீன உலகின் மாபெரும் சந்தை விழாவை ஒரு முதியவரின் வினா அம்மணமாக்கிவிடுகின்றது. மடத்துச் சிறுவரோ கொக்கா கோலாவின் வெறுந் தகரக் குவளையைப் பந்தாக உதைக்கின்றனர். அதே குவளை பிறிதொரு வேளை வழிபாட்டு விளக்காகவும் ஆகிவிடுகின்றது. பல்தேசியக் கம்பனியின் கழிவைப் புகலிடத்து வறுமை எவ்வாறு தன்வயமாக்குகின்றது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான படிமம் வேண்டியதில்லை.

பிரான்ஸ் திபெத்துக்கு ஆதரவான நாடு என்பதால் அதன் அணியை ஒர்கியென் ஆதரிக்கின்றான். நாடிழந்த சிறுவனுக்குத் தன் நாட்டின் அணி என ஒன்று இல்லை. எனவே பிறர் அணியினூடாகவே ஆரவாரிக்க வேண்டியிருக்கின்றது. மடத்துத் தலைவரோ என்றேனும் திரும்பிச் செல்வதற்கெனத் தம் பெட்டியைக் கட்டியே வைத்திருக்கின்றார். அப்பெட்டியைக் கண்டு நாம் முறுவலிக்கின்றோம். ஆனால் முறுவல் நீள்வதில்லை.

இவ்வளவும் கூறிய பின்னர் இப்படத்தின் எல்லையையும் சுட்டவேண்டும். முரண்பாடுகள் யாவும் மடத்துத் தலைமையின் கருணையால் தீர்ந்துவிடுகின்றன. உலகம் முழுவதையும் தோலால் மூடுவதிலும் தன் காலுக்குச் செருப்பணிதல் போதும் என்ற பழைய பௌத்த உவமையே முடிவாகின்றது. காலுக்குச் செருப்பு வேண்டியதுதான். ஆனால் செருப்பைத் தைத்தவன் யார் என்ற வினா அங்கு எழவில்லை. மடத்துக்கு வெளியேயுள்ள புகலிடத் திபெத்தியர், வீதி அமைக்கும் கூலிவேலையிலும் குளிர்கால உடை வணிகத்திலும் காலங்கழித்தோர், இப்படத்தில் இல்லை. தொலைக்காட்சியை வாடகைக்கு விடும் இந்தியக் கடைக்காரன் பேராசை பிடித்தவனாக மட்டுமே வருகின்றான். நாடிழந்தவரின் வறுமைக்கும் அவரை ஏற்ற நாட்டின் சிறுவணிகனின் வறுமைக்கும் உள்ள உறவு படத்தின் பார்வைக்கு எட்டவில்லை. வியாபாரத்திலே தோற்பவன் நல்ல துறவியாவான் என்ற பொருளிற் கண்காணிப்புத் துறவி ஒர்கியெனைத் தேற்றுவது நெஞ்சைத் தொடும் இடம். பணத்தின் உலகினின்று ஒதுங்கி நிற்றலே பணத்துக்கான விடை என்ற கருத்தியலும் அதே இடத்தில்தான் ஒளிந்துள்ளது.

5. 'தர்லோ': உறைந்துபோகும் நகை

பெமா செடென் வேறொரு சூழலிலிருந்து வந்தவர். 1969இல் சிங்காய் மாகாணத்து மேய்ச்சற் குடும்பம் ஒன்றிற் பிறந்து, சிறுகதை ஆசிரியராக அறிமுகமாகி, பீஜிங் திரைப்படக் கழகத்தில் பயின்றவர். சீன ஆட்சியின் உள்ளே, அதன் தணிக்கைக்கு உட்பட்டு, திபெத்திய மொழியில் முழுநீளப் படங்களை ஆக்கினார். 2023 மே 8ஆம் நாள் காலமானார். புத்தாண்டுக்கு வீடு சென்ற சிறுதுறவியைத் தொலைக்காட்சி ஆட்கொள்வதைக் காட்டும் 'மௌனப் புனிதக் கற்கள்' (2005) 'கிண்ண'த்தோடு ஒப்பிடத்தக்கது. எனினும் அவரது நகையின் முழு வலிமையை 2015இல் வெளிவந்த 'தர்லோ'விலேயே காண்கின்றோம்.

கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட இப்படம் ஒரு பொலிஸ் நிலையத்தில் ஆரம்பமாகின்றது. நடுவயது ஆட்டிடையன் தர்லோ மாவோவின் 'மக்களுக்குச் சேவை செய்க' என்னும் 1944ஆம் ஆண்டு உரையை, சூத்திரம் ஓதுவோர் போல, தடங்கலின்றி ஒப்புவிக்கின்றான். அவன் தோளிலுள்ள பையில் தாயற்ற ஆட்டுக்குட்டி ஒன்று. இடையிடையே அதற்குப் பால் ஊட்டுகின்றான். கமரா அசையாது நிற்கின்றது. பார்வையாளர் சிரிக்கின்றனர். தர்லோவாக நடித்த சிடே நிமா திபெத்திய மக்களிடையே நகைச்சுவை நடிகராக ஏற்கெனவே புகழ்பெற்றவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

எதைக் கண்டு சிரிக்கின்றோம்? உயிருள்ளதன்மேல் படியும் இயந்திரத்தன்மையே நகைக்கு ஊற்று என்றார் பேர்க்சன். புரட்சியின் சொல் மந்திரமாகி விட்டமையே இங்குள்ள இயந்திரத்தன்மை. ஆயினும் படம் அத்தோடு நிற்கவில்லை. தர்லோ அவ்வுரையை உண்மையாகவே நம்புகின்றான். நல்லவனின் சாவு மலையினும் கனமானது, தீயவனின் சாவு இறகினும் இலேசானது என்ற அதன் பாகுபாட்டைத் தன் வாழ்வின் அளவுகோலாகக் கொண்டுள்ளான். மக்களுக்குச் சேவை என்பதைச் சுவரில் எழுதி வைத்த அரசு அதனை மறந்துவிட்டது. மலையிலே தனித்து வாழும் இடையன் மறக்கவில்லை. சிரிப்பு இங்கு திசைமாறுகின்றது. மடன் யாருடையது என்ற ஐயம் பார்வையாளருக்கு எழுகின்றது.

அவனுக்கு அடையாள அட்டை எடுக்கவேண்டும் என்பது அரசின் கட்டளை. தான் யார் என்பது தனக்குத் தெரியும்போது அட்டை எதற்கு என்பது அவன் வினா. படமெடுக்க நகருக்குச் செல்கின்றான். புகைப்பட நிலையத்தில் ஒரு தம்பதியர் பொத்தாலா மாளிகை முன்னும் நியூயோர்க் நகரத்தின் முன்னும், அதாவது தீட்டப்பட்ட திரைகளின் முன்னே, விறைத்து நிற்கின்றனர். தர்லோவின் ஆட்டுக்குட்டியைக் கையில் வாங்கிய பின்னரே அவர்கள் முகம் மலர்கின்றது. நகைப்பூட்டும் இக்காட்சி, மேய்ச்சல் வாழ்விலிருந்து பெயர்க்கப்பட்ட மக்களின் நிலை பற்றிப் பல கட்டுரைகள் கூறுவதைக் கூறிவிடுகின்றது.

தலைகழுவச் சென்ற இடத்தில் யாங்சோ என்னும் இளம்பெண்ணைச் சந்திக்கின்றான். அவள் மேல் கொண்ட மையலால் மலைக்கு மீண்டும் நிலைகொள்ளவில்லை. குடித்து உறங்கிய இரவில் ஓநாய்கள் ஆடுகளைக் கொன்றுவிடுகின்றன. மந்தை முழுவதும் அவனுடையது அன்று, பெரும்பகுதி பிறருடையது. உடைமையாளன் அவன் கன்னத்தில் அறைகின்றான். தர்லோ மந்தையை விற்றுப் பணத்தைப் பெண்ணிடம் சேர்க்கின்றான். அவள் அவன் சடையை மழித்துவிடுகின்றாள். பின்னர் பணத்தோடு மறைந்துவிடுகின்றாள். மழித்த தலையோடு பொலிஸ் நிலையம் சென்றால், அட்டையிலுள்ள படம் அவன் முகத்துக்கு ஒவ்வவில்லை. மீண்டும் படம் எடுக்கவேண்டுமாம். பழையபடி உரையை ஒப்புவிக்க முயன்றவனுக்குச் சொற்கள் வரவில்லை. முதற்காட்சியில் நேராகத் தெரிந்த சுவர் வாசகம் இப்போது கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிகின்றது.

இது நகைச்சுவையா அவலமா என்ற வகைப்பாட்டுச் சர்ச்சை பயனற்றது. கதையின் கட்டமைப்பு பழைய கேலிக்கதையினது: பட்டிக்காட்டான் நகரம் சென்று ஏமாறுகின்றான். ஆக்கு தொன்பாவின் கதைகளில் ஏமாற்றுபவன் வறியவன், ஏமாறுபவன் வலியவன். இங்கு அது தலைகீழாயிற்று. ஆடுகளைப் பணமாகவும் பணத்தைக் காதலாகவும் முகத்தை ஆவணமாகவும் மாற்றும் சந்தையுறவின் முன்னே குறும்பன் மறைந்துவிட்டான். எஞ்சியவன் ஏமாளியே. யாங்சோவையும் வில்லியாகக் காண்பது பிழை. சிற்றூர்ச் சலூனில் பிறர் தலைகழுவி வாழும் அவளுக்கும் வெளியேற ஒரு மந்தையின் விலை வேண்டியிருந்தது. இருவரும் ஒரே பொறியில் அகப்பட்டவர். ஒருவர் மற்றவரை மிதித்துத் தப்பவேண்டியதாயிற்று.

6. 'பலூன்': நகைக்கு விலை கொடுப்பவள்

2019இல் வெளிவந்த 'பலூன்' இரு சிறுவர் பெற்றோரின் தலையணையடியிற் கண்டெடுத்த ஆணுறைகளை ஊதி விளையாடுவதோடு தொடங்குகின்றது. தந்தையின் வெட்கமும் பாட்டனின் அறியாமையும் கிராமியச் சிரிப்பை விளைவிக்கின்றன. ஆனால் அவ்விளையாட்டின் விளைவு தாய் துரோல்காரின் வயிற்றில் வளர்கின்றது. மூன்று ஆண்மக்கள் உள்ள அவளுக்கு நான்காவது பிள்ளை எனின் அரசுக்குத் தண்டப்பணம் செலுத்தவேண்டும். இதனிடையே பாட்டன் இறக்கின்றார். அவர் அதே குடும்பத்தில் மீளப் பிறப்பார் என லாமா கூறுகின்றார். கருவைக் கலைக்கச் சொல்கின்றது ஒரு நியதி. கலைப்பது பாட்டனைக் கொல்வது என்கின்றது மற்றொன்று. அவள் விருப்பத்தைக் கேட்போர் எவருமில்லை. இனப்பெருக்கத்துக்கென இரவல் வாங்கிய கடா மந்தையில் ஓடும் காட்சி முதலில் நகைப்பூட்டியது. பின்னர் அதே காட்சி நினைவில் சுடுகின்றது.

அரசும் மடமும் எதிரெதிர் நின்றபோதிலும் பெண்ணின் உடல்மீது உரிமை கோருவதில் ஒத்து நிற்கின்றன என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டிய படைப்புகள் அரியன. மேற்கட்டுமானத்தின் இரு வடிவங்களிலே ஒன்றைத் தேர்ந்து மற்றதை நகைக்கும் வசதியை இப்படம் நமக்கு வழங்கவில்லை.

7. முடிவு

ஹொலிவூட்டின் எள்ளல் திபெத்தியருக்கு வரலாற்றை மறுக்கின்றது. 'கிண்ணம்' புகலிடத்தின் துயரை இளமையின் சிரிப்பால் ஆற்றுகின்றது. ஆயினும் மடத்தின் மதிலுக்கு அப்பால் அது நோக்கவில்லை. பெமா செடெனின் படங்கள் இரு அதிகாரங்களுக்கும் சந்தைக்கும் இடையே அகப்பட்ட உழைக்கும் மனிதரை நகையின் நாயகராக்குகின்றன. அதனாலேயே அவற்றின் நகை பாதிவழியில் உறைந்துபோகின்றது.

அவ்வுறைவே நம் தொடக்க வினாவுக்கு விடை. பழமையிலிருந்து மகிழ்ந்து விடைபெறும் வாய்ப்பு அம்மக்களுக்குக் கிட்டவில்லை. விடுதலை என்ற பெயரால் விரைவாகவும் பின்னர் சந்தையின் பெயரால் இன்னும் விரைவாகவும் அது அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. பறிக்கப்பட்டதைப் பார்த்து எவரும் மகிழ்வோடு கையசைப்பதில்லை. சமயம் அபினி என்ற தொடரை எடுத்தாண்ட நாம், அதே வாக்கியக் கூட்டத்தில் அதனை ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு என்றும் மார்க்ஸ் குறித்ததை நினைந்திருப்போமாயின், மூச்சை நிறுத்துவது நோயைத் தீர்ப்பதாகாது என்பதை உணர்ந்திருப்போம்.

மாவோவின் உரையை மனனஞ் செய்த இடையனைக் கண்டு முதலில் சிரித்தவர் நாமே. படம் முடியும்போது அவன் கையில் திரி பற்றிய வெடி ஒன்று இருக்கின்றது. அவன் நம்பிய சொற்கள் அவனைக் கைவிட்டன. அச்சொற்களை உலகெங்கும் எடுத்துச் சென்றவர்களுள் நாமும் அடங்குவோம். ஆதலின் தர்லோவின் மறதிக்கு விளக்கம் கூறும் கடமை அவனுடையது அன்று, நம்முடையதேயாகும்.